நான்கு நட்டுகளும் ஒரு பின்னும்

1

காரை சர்வீஸ் முடித்து எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். ரோடுதான் சரியில்லை போல என்று நினைத்தேன். மதுராந்தகம் நெருங்கும்போது இடது முன்பக்கத்திலிருந்து ஏதோ உருளும் சத்தம். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டு போட்டு ஆட்டினால் வருமே, அந்த மாதிரி. பாட்டை நிறுத்தினேன். பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே "ஓரங்கட்டுடா" என்றார்.

இறங்கி வீல் கப்பைக் கழற்றினேன். ஒரு நட்டு கப்புக்குள் தனியாக உருண்டுகொண்டிருந்தது. மற்ற மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் விரலாலேயே திருக முடிந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறோம். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோயின.

ஸ்டெப்னிக்கு வைத்திருந்த ரெஞ்சை எடுத்து நானே முடுக்கினேன். கை நடுங்கியது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். முதல் வருடப் பட்டறைப் பயிற்சியில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி 'வி' பொருத்தம் செய்து, ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அந்தத் துண்டைப் பாதிக்குமேல் ராவித் தந்தவர் பட்டறை உதவியாளர். படிப்பு முடிந்ததும் மென்பொருளுக்கு வந்துவிட்டேன். ஒரு சக்கரத்தின் நட்டை நானாக முடுக்கியது அன்றைக்குத்தான்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வண்டி மறுபடி நகர்ந்த பிறகு ஒன்று சொன்னார்: "கம்பத்துல ஏறுறவன் கவனக்குறைவா இருந்தா அவன் சாவான். இவன் கவனக்குறைவா இருந்தா அடுத்தவன் சாவான்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். மெக்கானிக்கின் அலட்சியத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களிலேயே அதிகம் வாசிக்கப்பட்டவை அதில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கல்லூரி முடித்த வருடம் அவற்றை அடிக்கோடிட்டு வாசித்திருந்தேன். அன்றிரவு கோபத்துக்குத் துணை தேடி வாசித்தேன். இந்தக் கட்டுரை மூன்றாவது வாசிப்பைப் பற்றியது. அது வேறொரு காரணத்துக்காக, சில வாரங்கள் கழித்து நடந்தது.

2

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் வந்த புத்தகம். நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் நிராகரித்தபின் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. கதைசொல்லி தன் மகன் கிறிஸ்ஸோடு மின்னசோட்டாவிலிருந்து மேற்கே மோட்டார் சைக்கிளில் பயணம் போகிறார். வழியெல்லாம் தரம், அறிவு, தொழில்நுட்பம் பற்றி யோசித்துக்கொண்டே போகிறார்.

ஆரம்ப அத்தியாயங்களில் ஒரு பழைய அனுபவத்தை நினைவுகூர்கிறார். அவருடைய வண்டியின் எஞ்சின் வேகமாகப் போகும்போது பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. பட்டறையில் விடுகிறார். அங்கே ரேடியோ அலறுகிறது. பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். ஒருவன் சத்தத்தைச் சரியாகக் கேட்காமலே 'டேப்பட்' என்று முடிவு சொல்கிறான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள், மறுபடி பிடித்துக்கொள்கிறது. மறுபடி பிரிக்கிறார்கள். கடைசியில் ஒருவன் பொருந்தாத ரெஞ்சைப் போட்டு டேப்பட் மூடிகளின் முனைகளை மழுக்கிவிடுகிறான். பிறகு சுத்தியலும் உளியும் எடுத்து அடிக்கிறான். ஒரு அடி தவறி எஞ்சினின் குளிர்விக்கும் தகடுகளை உடைக்கிறது. போதும், நிறுத்துங்கள் என்று வண்டியை வாங்கிக்கொண்டு போகிறார். வழியில் பார்த்தால் எஞ்சினைச் சட்டத்தோடு முழுதாக போல்ட் போட்டு இறுக்கக்கூட இல்லை. சில வாரங்கள் கழித்து அவரே மூலக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். எண்ணெய் போகும் பாதையில் இருபத்தைந்து சென்ட் பெறுமான ஒரு பின் உடைந்திருக்கிறது. அதனால் அதிவேகத்தில் எஞ்சின் தலைக்கு எண்ணெய் ஏறவில்லை. அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று யோசிக்கிறார். ரேடியோ ஒரு தடயம். அவசரமும் அதில் மிச்சமாகும் காசும் இன்னொரு தடயம். ஆனால் அவர் வந்து நிற்பது அவர்களுடைய முகபாவனையில். நல்ல பையன்கள், சிநேகமானவர்கள், ஆனால் வேலையில் ஒட்டாதவர்கள். தங்கள் கையே செய்யும் வேலைக்குப் பார்வையாளர்களாக இருப்பவர்கள். 'அக்கறை' என்ற சொல்லை அவர் அங்கிருந்துதான் தொடங்குகிறார். மொத்தப் புத்தகமும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிர்ஸிக் அந்தப் பையன்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. கதைசொல்லியின் தொழில் கணினிக் கையேடுகளைத் திருத்துவது. அந்தக் கையேடுகளிலும் இதே ஒட்டாத்தன்மையை அவர் பார்க்கிறார். தன் தொழிலையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்த இடத்தில்தான் அவர் எழுத்தாளராக உயர்கிறார். எனக்கு அது முதல் வாசிப்பிலும் தெரியவில்லை, இரண்டாவது வாசிப்பிலும் தெரியவில்லை.

3

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கத்தினேன். தரைத்தள மேற்பார்வையாளர் ஜாப் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள், எல்லாவற்றிலும் டிக். 'வீல் நட் டார்க்' என்ற கட்டத்திலும் டிக். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட டிக்குகள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

என்ன நடந்தது என்பதை அவரே, கொஞ்சம் தணிந்த பிறகு, சொன்னார். லிஃப்டில் தூக்கியிருக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். முடுக்கினால் கூடவே சுற்றும். அதனால் மேலே இருக்கும்போது நட்டுகளைக் கையால் ஏற்றி ஓரளவு பிடிக்கவைத்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, டயர் தரையில் பதிந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசி முடுக்கு முடுக்குவார்கள். என் காருக்கு அது சுமார் 100 நியூட்டன் மீட்டர். நட்டை ஏற்றிய பையனைப் பக்கத்து பேயிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வண்டியை இறக்கியது இன்னொருவன். இறக்கியவன் முடுக்கியாச்சு என்று நினைத்தான். ஏற்றியவன் இறக்குகிறவன் முடுக்குவான் என்று நினைத்தான். சனிக்கிழமை. வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன.

எனக்கு இது விளக்கமாகப் படவில்லை, சால்ஜாப்பாகத்தான் பட்டது. அன்றிரவே தலைமை அலுவலகத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வயதான என் தந்தை, நெடுஞ்சாலை, உயிர் என்று நன்றாகவே எழுதினேன், எழுதுகிறவன் இல்லையா. புதன்கிழமை போன் வந்தது. "சம்பந்தப்பட்ட டெக்னீஷியனை வேலையை விட்டு எடுத்துட்டோம் சார். அடுத்த சர்வீஸ் உங்களுக்கு ஃப்ரீ."

ஜெயித்த மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "யாரை எடுத்தாங்க? ஏத்துனவனையா, இறக்குனவனையா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றியிருக்கவில்லை.

4

மூன்று வாரம் கழித்து நான் எழுதிய ஒரு நிரல் மாற்றம் உற்பத்திச் சூழலுக்குப் போனது. பணப் பரிவர்த்தனை தோற்றால் எத்தனை முறை திரும்ப முயல வேண்டும் என்பதை மாற்றும் சிறிய வேலை. தோற்றதா, பதில் வரத் தாமதமா என்று பிரித்துப் பார்க்கும் ஒரு நிபந்தனையை நான் விட்டுவிட்டேன். மூன்று மணி நேரத்துக்குச் சில வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்து ஒரே தொகை இரண்டு முறை போனது. அந்த நிபந்தனையை எழுதும் நேரத்தில் என்னை வேறொரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வந்து அடுத்த வரியிலிருந்து தொடர்ந்திருக்கிறேன். என் நிரலைச் சரிபார்க்க வேண்டிய சக ஊழியர் இரண்டே நிமிடத்தில் 'நல்லா இருக்கு' என்று டிக் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்துக்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு: 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்'. யாரையும் குற்றம் சொல்லாத பிரேதப் பரிசோதனை. 'யார் செய்தது' என்று கேட்கக்கூடாது. 'அமைப்பில் எது இதை அனுமதித்தது' என்றுதான் கேட்க வேண்டும். விமானப் பாதுகாப்புத் துறையிலும் மருத்துவத்திலும் பல வருடங்களாகப் பேசப்பட்டு எங்களிடம் வந்த யோசனை இது. நல்ல யோசனைதான். தண்டனைக்குப் பயந்தால் ஆட்கள் நடந்ததை மறைப்பார்கள். மறைத்தால் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது. என் மேலாளர் தோளில் தட்டி, "இது உன் தப்பு இல்லப்பா, ப்ராசஸோட தப்பு" என்றார். இரண்டு தானியங்கிச் சோதனைகளைச் சேர்க்க முடிவெடுத்தோம். கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனோம்.

கையில் கோப்பையோடு நிற்கும்போதுதான் அந்த மெக்கானிக் ஞாபகத்துக்கு வந்தான். வேலை நடுவில் கூப்பிட்டார்கள், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு, ஒரே இழுப்பில் போட்ட டிக். வரிக்கு வரி அதே கதை. எனக்கு நடந்தது பரிசோதனை. அவனுக்கு நேராக ஈமச்சடங்கு.

அன்றிரவுதான் பிர்ஸிக்கை மூன்றாவது முறை எடுத்தேன்.

5

இந்த முறை கண்ணில் பட்டது அந்தப் பக்கங்களில் இல்லாதவைதான். பையன்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் என்ன சம்பளம் வாங்கினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி முடிக்க வேண்டும், யார் கற்றுக்கொடுத்தார்கள், முதலாளி எங்கே இருந்தார் என்பது எதுவும் இல்லை. அவசரத்தையும் காசையும் ஒரே எட்டில் தாண்டிவிட்டு முகபாவனைக்குப் போய்விடுகிறார். குரங்குகளோடு ஓர் ஒப்பீடும் வருகிறது. எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது கவுண்டருக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளரின் பார்வை. முகத்தைப் பார்த்து மனதை முடிவு செய்யும் பார்வை. நம் ஊரில் இந்தப் பார்வைக்கு ஆழமான வேர் இருக்கிறது. கையில் கிரீஸ் உள்ளவன் தப்பு செய்தால் அது அவன் 'புத்தி'. கீபோர்டு தட்டுகிறவன் தப்பு செய்தால் அது 'ப்ராசஸ்'. ஆயுத பூஜை அன்று ஸ்பானருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதைப் பிடிக்கிற கைக்கு மற்ற நாட்களில் என்ன வைக்கிறோம்?

அக்கறையின்மைதான் தவறுக்குக் காரணம் என்ற பிர்ஸிக்கின் நோயறிதல் எவ்வளவு தூரம் தாங்கும்? ஒரு நிஜ வழக்கைப் பார்க்கலாம். 1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் பதினேழாயிரம் அடி உயரத்தில் இருக்கும்போது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடலோடு வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். விசாரணையில் தெரிந்தது: முந்தைய நாள் அதிகாலையில் மாற்றப்பட்ட அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 தேவையைவிட விட்டம் குறைந்தவை. வித்தியாசம் ஒரு அங்குலத்தில் 0.026 பங்கு. மீதி ஆறும் நீளம் குறைந்தவை.

மாட்டியவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பையன் இல்லை. அந்த ஷிஃப்டின் பராமரிப்பு மேலாளர். ஆள் பற்றாக்குறையால் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர். கழற்றிய போல்ட்டுகளைக் கையில் வைத்து, கண்ணாலேயே ஒப்பிட்டுப் புதியதைத் தேர்ந்தெடுத்தார். சரியான அளவு வேறு என்று உதிரிபாகக் கிடங்கில் சொல்லியும், தன் கண்ணை நம்பினார். விமானத்தின் மூக்குப் பக்கம் எட்டி வேலை செய்ய வேண்டிய நிலையில் போல்ட்டின் தலை குழிக்குள் அதிகமாக இறங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒட்டாமல் செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியுமா? அக்கறையும் அனுபவமும் தன்னம்பிக்கையும் சேர்ந்து செய்த தவறு இது.

மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஒரு எளிய உதாரணம் சொல்வார். ஒரு போல்ட்டில் எட்டு நட்டுகள் வரிசையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கழற்ற ஒரே வழிதான். குறிப்பிட்ட வரிசையில் திரும்ப ஏற்ற வேண்டுமானால் தவறு செய்ய நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. எட்டின் தொடர்பெருக்கல் 40,320. அதில் ஒன்றுதான் சரி. எதையாவது விட்டுவிடும் வாய்ப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பராமரிப்பு வேலையின் ஆபத்து கழற்றுவதில் குறைவு, பூட்டுவதில் அதிகம். கார் சர்வீஸில் நடக்கும் பெரும்பாலான கூத்துகள் இந்த வகைதான். பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை வளையத்தோடு ஏற்றிவிடுவார்கள். அழுத்தம் ஏறியதும் எண்ணெய் பீச்சியடிக்கும். ஆயில் வடிக்கும் பிளக்கை அளவுக்குமேல் முடுக்கி அலுமினிய மரையைத் தின்றுவிடுவார்கள். அந்த முடுக்கு கூடுதல் கவனத்தால் வருவதும் உண்டு, கசிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்.

6

அப்படியானால் பிர்ஸிக் தப்பா? அங்கே போய் நிற்கவும் எனக்கு விருப்பமில்லை. 'எல்லாம் அமைப்பின் தவறு' என்பது எங்கள் துறையில் எப்படிப் பயன்படுகிறது என்று தெரியும். குற்றம் சொல்லாத கூட்டம் முடிந்ததும் யாருக்கும் உறுத்தல் இல்லை. இரண்டு முறை பணம் போன ஆள் அன்றைக்கு யாரிடம் கடன் வாங்கினான் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. பட்டியல் போட்டால் தவறு நின்றுவிடும் என்பதும் உண்மையில்லை. என் ஜாப் கார்டில் பட்டியல் இருந்தது. டிக்கும் இருந்தது. தன் கையெழுத்துக்கே பார்வையாளராக இருக்கிறவன் போட்ட டிக். பிர்ஸிக்கின் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. என் சக ஊழியரின் இரண்டு நிமிட டிக்குக்கும் பொருந்துகிறது.

ஆனால் 'பார்வையாளர்' என்ற சொல்லை அவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் திருப்பவில்லை. சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர் காத்திருக்கும் ஏசி அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் வேலை நடக்கும்; இந்தப் பக்கம் காபி மெஷின். மெக்கானிக்கோடு நாம் பேச முடியாது. நடுவில் டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் இருப்பார். 'வலதுபக்கம் திரும்பும்போது ஒரு சத்தம் வருது' என்று நாம் நடித்துக் காட்டுவது அவர் டேப்லெட்டில் 'சத்தம், பரிசோதிக்கவும்' என்று ஆகிவிடும். அந்தப் பையனுக்கு வந்துசேர்வது ஒரு எண். அந்த எண்ணுக்குள் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒட்டாமல் இருக்கும்படி ஓர் அறையைக் கட்டிவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறோம்.

பிர்ஸிக்கின் தீர்வு, தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வது. மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. நான் ஏறும் லிஃப்டையும், விமானத்தின் போல்ட்டையும், அறுவை சிகிச்சை அரங்கின் பஞ்சுக் கணக்கையும் நானே பார்த்துக்கொள்ள முடியாது. அடுத்தவர் கையை நம்பித்தான் வாழ்கிறோம். புத்தகத்தின் பின்பகுதியில் வரும் ஒரு வெல்டரை இங்கே நினைக்க வேண்டும். மெல்லிய தகட்டைப் பிரமாதமாகப் பற்றவைக்கிறார். அழகு என்று கதைசொல்லி பாராட்டுகிறார். அவர் பதிலுக்குக் கூலித் தொகையை மட்டும் சொல்கிறார். அவ்வளவு நல்ல வேலைக்காரருக்கும் நமக்கும் நடுவில் தொகையைத் தவிர பேச்சில்லை என்பதைப் பிர்ஸிக் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மாத்யூ க்ராஃபோர்ட் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தவர். தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர். 2009இல் வந்த 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' புத்தகத்தில் பிர்ஸிக்கின் மெக்கானிக்கை அவரும் விசாரிக்கிறார், தீர்ப்பிலும் பெரும்பாலும் உடன்படுகிறார். ஆனால் அவர் கவுண்டருக்கு உள்ளே இருந்து பேசுகிறார். ஒரு பழைய ஹோண்டா வண்டியின் எண்ணெய் சீலுக்குள் ஆர்வம் தாங்காமல் இறங்கி மணிக்கணக்கில் செலவழித்துவிட்டு, அந்த நேரத்துக்கெல்லாம் வாடிக்கையாளரிடம் எப்படிக் காசு கேட்பது என்று தவிக்கிறார். அக்கறைக்கும் ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே தெரிகிறது. பிர்ஸிக் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

7

இதையெல்லாம் அப்பாவிடம் ஒருநாள் சொன்னேன், புத்தகங்களைத் தவிர்த்துவிட்டு. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எல்.சி. பற்றிச் சொன்னார். லைன் கிளியர். கம்பத்தில் ஏறும் முன் துணைமின் நிலையத்தில் கேட்டு, லைனை நிறுத்தி, எண்ணை எழுதி வாங்க வேண்டும். வேலை முடிந்து இறங்கி, ஆட்களை எண்ணிப் பார்த்து, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் மின்சாரம் விடுவார்கள். வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்; இடையில் வேறொருவர் கொடுக்கக் கூடாது.

"நான் ரொம்ப கவனமான ஆளுன்னு நினைச்சிட்டிருக்கியா? எத்தனை நாள் தூக்கக் கலக்கத்துல போயிருக்கேன் தெரியுமா? அந்த நோட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆபரேட்டருக்கு என் குரல் தெரியும், உன் பேரு தெரியும், நீ என்ன படிக்கிறேன்னு தெரியும். அவ்ளோதான்."

நோட்டும் குரலும். இரண்டில் ஒன்று போதும் என்று அவர் சொல்லவில்லை.

போன மாதம் அந்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இலவச சர்வீஸை எடுத்துக்கொள்ள இல்லை. அந்தப் பையனை விசாரிக்க. மேற்பார்வையாளர் மாறியிருந்தார். புதியவர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "அவன் ரிசைன் பண்ணிட்டுப் போயிட்டான்னு இருக்கு சார்" என்றார். "என்ன பேரு?" என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. "அவன் நட்டை ஏத்துனவனா, வண்டியை இறக்குனவனா?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

இப்போது காரை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட்டில் விடுகிறேன். அங்கே கண்ணாடிச் சுவர் இல்லை. நட்டு முடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறேன். அதிகம் பேசுவதில்லை, நடுவில் போன் வந்தால் அவர் எடுக்காமல் இருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். முதல் தடவை டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நானே ஒன்று வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். சர்வீஸ் முடிந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பையனுக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். முன்பு எழுதியதைவிடச் சின்னது. பதில் இன்னும் வரவில்லை.